கேள்வியில் இல்லாத விதி

சட்டப் படிப்பு நுழைவுத் தேர்வுக்கு அக்காவான நானும் தங்கை கவிதாவும் மலேசியாவின் பத்து பகாட் ஊரில் எங்கள் வீட்டில் ஒன்றாகவே படித்தோம். ஆட்களை வரிசையில் நிறுத்தும் புதிர்களை அவள் பட்டென்று போட்டுவிடுவாள். எனக்கு வயிறு எரியும்.

ஒருநாள் ஆறு பேர் நிற்கும் வரிசை. அதில் இருவர் அக்கா, தங்கை. எப்படி மாற்றி நிறுத்தியும் எனக்கு விடை வரவில்லை.

கவிதா என் தாளை எட்டிப் பார்த்தாள். "அக்காதான் முன்னால நிக்கணும்னு நீயா வச்சிக்கிட்ட. கேள்வியில அப்படி எங்கயும் இல்ல லா."

தங்கையை முன்னால் நிறுத்தினேன். மற்றவர்கள் தானாக இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

தேர்வில் அவளுக்கு இடம் கிடைத்தது, எனக்குக் கிடைக்கவில்லை. அவளை வழியனுப்பப் போனபோது அவள் முன்னால் நடந்தாள். பெட்டியோடு நான் பின்னால். தாளில் சுலபமாக அழித்த அந்த விதி, மனசில் அன்றும் அழியவில்லை.