முதல் வரியில் நஸீமா

ஜெராக்ஸ் கடையில் தாள் சூடாக வெளியே வரும்போது ஒரு வாசனை அடிக்குமே, கருகலுக்கு ஒரு படி முன்னால் நின்றுவிட்ட வாசனை, அதற்கு நான் அடிமை. போன வாரம் காரைக்கால் கடைத்தெருவில் ஆதார் நகல் எடுக்கப் போனவள், வேலை முடிந்தும் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்துக் கணினியில் ஓர் ஆராய்ச்சி மாணவி தன் கட்டுரையின் ரெஃபரன்ஸ் பட்டியலிலிருந்து ஒருவரை நீக்கினாள். மற்ற எண்கள் தாமாக மேலேறி இடைவெளியை மூடிக்கொண்டன. அங்கே ஒருவர் இருந்த சுவடே இல்லை.

"யாரும்மா அது?" என்றேன்.

"பக்கம் ஜாஸ்தியாயிடுச்சு மேடம். சும்மா ஒரு பேருதான்."

சும்மா ஒரு பேரா?

எங்கள் காலத்தில் அது அத்தனை சுலபமில்லை. உங்களுக்கு இந்த வழக்கம் தெரியாதிருக்கலாம், சொல்லிவிடுகிறேன். தொழில்நுட்பக் கட்டுரையில் யாருடைய ஆய்வை முதலில் சொல்கிறோமோ அவருக்குச் சதுர அடைப்புக்குள் [1]. அடுத்தவருக்கு [2]. கொடுத்த எண் கொடுத்ததுதான். கட்டுரை முடியும்வரை எத்தனை தடவை கூப்பிட்டாலும் அவர் அதே எண்ணில்தான் வருவார். கடைசிப் பக்கத்தில் அதே வரிசையில் பெயர், தலைப்பு, இதழ், பக்கம். நடுவில் ஒருவரை உருவினால் பின்னால் நிற்பவர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கையால் நகர்த்த வேண்டும். அதில் நான் கெட்டிக்காரி. அப்போது கவிதையும் எழுதிப் பார்ப்பேன்; அது வராத நாட்களில் எண் நகர்த்துவேன். கவிதை வந்த நாட்கள் குறைவு.

அப்போது ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் புது விரிவுரையாளர் நான். சுரக்குடியிலிருந்து பஸ். பக்கத்து நாற்காலி நஸீமாவுடையது. ஒரு வருஷம் முழுக்கக் காரைக்கால்மேட்டுக் கிணறுகளில் தண்ணீர் எடுத்து உப்பை அளந்தாள். சில நாள் நானும் பாட்டில் சுமப்பேன்.

"என்ன புள்ள, எங்க தண்ணிய அடச்சு எங்க விக்கப்போற?" என்பார்கள் மீன்கூடைப் பெண்கள்.

"இந்தக் கரிப்புக்கு யாருக்கா காசு குடுப்பா?" என்பாள் நஸீமா.

அந்த அளவுகளை ஒரு சின்ன இதழில் கட்டுரையாக வெளியிட்டாள். எனக்குத் தெரிந்து அவள் எழுதியது அச்சில் வந்தது அந்த ஒரு தடவைதான்.

அதை அடிப்படையாக வைத்துத்தான் எங்கள் துறைத்தலைவரும் நானும் அடுத்த கட்டுரையை எழுதினோம். எழுதினோம் என்பது மரியாதைக்கு. முதல் வரியிலேயே நஸீமாவை நிறுத்தினேன். பத்திக்குப் பத்தி [1]. அவள் அளவுகள் இல்லாவிட்டால் எங்களுக்கு ஏது கட்டுரை?

சார் சிவப்புப் பேனாவால் அடித்தார். "அந்தப் பொண்ணுதான் கல்யாணமாயி துபாய் போவுதே, அதுக்கு எதுக்கும்மா நம்பரு? என் பேப்பர மொதல்ல போடு."

"உங்க பேப்பர் சிமெண்ட்டப் பத்தினது சார்."

அடித்ததை மறுபடி தட்டச்சினேன். மறுபடி அடித்தார். அனுப்ப வேண்டிய கடைசி நாள், பிரிண்டர் அறையில், சூடான தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "கீழ லிஸ்ட்டுல அவ பேரு வேணும்னா மேல எழுதினவங்கள்ல உன் பேரு இருக்காது. யோசிச்சுக்க."

யோசிக்கவில்லை. "அப்ப என் பேர எடுத்துடுங்க சார்."

அவருக்கு எண் நகர்த்தத் தெரியாது. மாலைக்குள் அனுப்பியாக வேண்டும். கட்டுரை முழுக்கத் தனக்கே என்ற குஷி வேறு. சரி என்றார். என் பெயரை நானே அழித்தேன். [1] இருந்த இடத்திலேயே இருக்க, அவர் எதிரிலேயே அனுப்பினேன். தியாகம் என்று நினைத்துவிடாதீர்கள். திமிர். இன்றும் குறையவில்லை.

நஸீமாவின் கட்டுரையைப் போட்ட இதழ் நின்றுபோயிற்று. அவள் அளந்த கிணறுகள் பலவற்றைத் தூர்த்துக் குழாய் போட்டுவிட்டார்கள். நஸீமாவோடு இருந்த தொடர்பும் எங்கோ அறுந்துவிட்டது. அதன்பிறகு அவள் ஏதாவது எழுதினாளா, தெரியாது. இணையத்தில் அவ்வப்போது தேடுவேன். தேடுவதை விடப்போவதில்லை.

அவள் துபாய்க்குக் கிளம்பிய அன்று, கட்டுரையின் நகலோடு அவர்கள் வீட்டுக்கு ஓடினேன். வாசலில் வேன் நின்றது. கடைசிப் பக்கத்தில் தன் பெயரைப் பார்த்துச் சிரித்தாள். முதல் பக்கத்துக்குத் திருப்பியதும் சிரிப்பு நின்றது.

"உன் பேரு எங்கடி?"

"எடம் பத்தல."

முறைத்தாள். வேன் நகர்ந்தது. அவளுடைய உம்மா உள்ளே பிடித்து இழுக்க இழுக்க, ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினாள்:

"ஒண்டியா எழுதுடி! நான் எழுதறதுல நீதான் மொதல்ல. எவன் அடிச்சாலும் மொதல்ல!"