பக்கவாட்டில் ஆடாத பக்கம்

வீட்டு வசதி அலுவலகத்தில் இணையப் பக்கங்களைக் கட்டுபவரைப் பற்றி வேறு யாரும் எழுதப்போவதில்லை என்பதால் நான் எழுதுகிறேன். அங்கே அவரைப் பக்கக்காரர் என்பார்கள். நாற்பதைத் தாண்டியவர். மேலதிகாரி எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டி வழிவிடும் பண்பாளர்.

குடியிருப்பது ஒரே அறை. கட்டில் அந்த அறையைவிட நீளம். கதவை மூட முடியாது. கட்டிலின் கால்மாடு பொது நடையில் நீட்டிக்கொண்டிருக்கும். போகிற வருகிறவர்கள் முழங்காலை இடித்துக்கொண்டு திட்டியதால், பக்கக்காரர் அதன்மேல் ஒரு திரையைத் தொங்கவிட்டார்.

"திரை போட்டா கட்டில் குட்டையாயிடுமாங்க?" என்றாள் மனைவி.

"இப்ப கண்ணுக்குத் தெரியுதா?"

"தெரியல. அதான் முன்னவிட நிறைய பேர் இடிச்சுக்கிறாங்க."

இந்தச் சமயத்தில்தான் அலுவலகம், வீடில்லாதவர்களுக்கு வீடு தரும் திட்டத்தை அறிவித்தது. விண்ணப்பம் இணையத்தில் மட்டும். பக்கத்தைக் கட்டும் வேலை நம்மவருக்கு. மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. கதவு மூடுகிற வீடு. அவள் கேட்டது அவ்வளவுதான்.

பக்கம் நன்றாகவே வந்தது, இணை இயக்குநர் பார்க்கும்வரை. தம் பதவி முழுவதும் பக்கத்தின் தலையில் ஒரே வரியில் இருக்க வேண்டும் என்றார் அவர். 'கூடுதல் சிறப்புப் பொறுப்பு இணை இயக்குநர் மற்றும் ஒருங்கிணைப்புக் குழுத் தலைவர்' என்ற அந்த வரி எந்தக் கைபேசித் திரையிலும் அடங்கவில்லை. அதன் நீளத்துக்கு மொத்தப் பக்கமும் அகலமானது. அடியில், பக்கத்தைப் பக்கவாட்டில் நகர்த்தும் பட்டையான ஸ்க்ரோல்பார் முளைத்தது. விரல் பட்டாலே பக்கம் இடமும் வலமும் ஆடியது.

"என்னப்பா இது, தொட்டில் மாதிரி ஆடுது?"

"சார், அந்த வரிய மடிச்சு ரெண்டு வரியாக்கிட்டா..."

"என் பதவிய ரெண்டா ஒடைக்கிறியா?"

பதவிகளை உடைப்பது பக்கக்காரரின் பரம்பரையிலேயே கிடையாது. எல்லையைத் தாண்டும் எதையும் மறைத்துவிடு என்று பக்கத்துக்கு ஒரு வரிக் கட்டளை போட்டார். ஸ்க்ரோல்பார் ஒழிந்தது. இணை இயக்குநர் கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்துப் பார்த்தார். பக்கம் மலைபோல நின்றது. அதோடு சோதனை முடிந்தது. விண்ணப்பத்தை நிரப்பிப் பார்க்க அவருக்கென்ன தலையெழுத்தா? அவருக்கு வீடு இருக்கிறது.

அன்று மாலை மனைவி விண்ணப்பத்தை நிரப்பினாள்.

"ஏங்க, எல்லாம் எழுதிட்டேன். அனுப்புற பட்டனக் காணோமே?"

பக்கக்காரர் பாராட்டு வாங்கிய மயக்கத்தில், கண்ணை மூடிப் படுத்திருந்தார். "நான் கட்டின பக்கம்மா அது. எழுதி முடிச்சா தானாப் போயிருக்கும்."

அவள் நம்பினாள். கல்யாணமானதிலிருந்து அவளுக்கு அது ஒரு பழக்கம்.

கெடு முடிந்தது. விரல்விட்டு எண்ணக்கூடிய விண்ணப்பங்களே வந்திருந்தன. எல்லாம் பெரிய கணினி வைத்திருப்பவர்கள் அனுப்பியவை. இணை இயக்குநர் கூட்டத்தில் பெருமிதத்துடன் அறிவித்தார்: "நம்ம மக்களுக்கு வீட்டுத் தேவையே இல்லைன்னு நிரூபணமாயிடுச்சு. திட்டத்த மூடிடலாம்."

பக்கக்காரருக்கு மனைவி காணோமென்ற பட்டன் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு ஓடிவந்து மனைவியின் கைபேசியை வாங்கிப் பார்த்தார். பதவி வரி பாதியில் வெட்டுப்பட்டிருந்தது. கீழே, வலது ஓரத்தில், நகக்கண் அளவுக்கு ஒரு பச்சைக் கீற்று. பட்டனின் இடது விளிம்பு அது. மற்றதெல்லாம் திரைக்கு வெளியே, விரல் எட்டாத இடத்தில். அந்தக் கீற்றை அழுத்தினார். 'காலம் கடந்துவிட்டது' என்றது, அவரே எழுதி வைத்த வாசகம்.

மறுநாள் இணை இயக்குநரின் எதிரில் போய் நின்றார்.

"சார், உங்க பதவி வரி..."

"ஏன், அதுக்கென்ன?"

"ஆடாம நிக்குது சார்."

"ம். நல்ல வேலை."

வீட்டில் மனைவி பழைய சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டிக்கொண்டிருந்தாள். "எப்பங்க கூப்பிடுவாங்க? இந்தக் கட்டில் அங்க கொள்ளும்ல?"

"கொள்ளும்," என்றார்.

நடையில் யாரோ இடித்துக்கொண்டு கத்தினார்கள். பக்கக்காரர் எழுந்துபோய்த் திரையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டார்.