பதினைந்து நிமிடத்துக்குள் கேப்டனே பேச வேண்டும்

'பாதிப்பல்' என்று ஒருத்தன் ஆடுகிறானாம் என்று முதலில் சொன்னது, ஆன்லைன் துப்பாக்கிச் சண்டைப் போட்டிகளுக்கு நேரலையில் பேசும் வர்ணனையாளர்தான். அவரும் நேரில் பார்த்துச் சொல்லவில்லை. அவருடைய மச்சான் சொன்னானாம், மச்சானுக்கு வேறு யாரோ சொன்னார்களாம்.

"புது டீம். கேப்டன் பேரு பாதிப்பல். ஆட்டம் முழுக்க ஏதாவது வீட்டுக்குள்ள ஒளிஞ்சு உட்கார்ந்திருப்பானாம். கடைசியில வெளிய வந்து நாலு பேரைச் சாய்ச்சுட்டுப் போவானாம்."

சொல்லிவிட்டு அவர் டீ எடுக்கப் போய்விட்டார். அந்தப் போட்டிகளுக்குப் புள்ளி எழுதும் ஸ்கோர் அக்காவுக்குக் கையிலிருந்த பென்சில் அதற்குமேல் ஓடவில்லை.

உலகத்தில் எத்தனையோ பேருக்குப் பல் உடைந்திருக்கும். உடைந்த பல்லையே பெயராக வைத்துக்கொள்ளும் திமிர் அவளுக்குத் தெரிந்து ஒருத்தனுக்குத்தான் உண்டு. சின்ன வயதில் ஒரே கீபோர்டுக்கு அக்காவும் தம்பியும் இழுபறி போட்டபோது, அவள் வேண்டுமென்றே சட்டென்று கையை விட்டாள். அவன் கீபோர்டோடு போய் மேசை விளிம்பில் மோதினான். முன்பல் பாதியாயிற்று. அன்றிலிருந்து அவளுக்கு அவன் பாதிப்பல். அம்மாகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவன் அவளோடு பேசி மூன்று வருடமாகிறது.

அவள் வெளிநாட்டுக்கு வந்து, டயர் கடைக்கு மேலே இரண்டாம் மாடியில் இந்த வேலை கிடைத்த புதிது அது. ஒரு சின்னப் போட்டியில் தம்பியின் டீமும் ஆடியது. அவர்களில் ஒருத்தனுக்குக் காய்ச்சல். பதிவு செய்யாத இன்னொருத்தன் அவன் பெயரில் உட்கார்ந்து ஒரு ஆட்டம் ஆடிவிட்டான். கண்டுபிடித்தவள் அவள்தான். அந்த ஆட்டத்தின் புள்ளிகளை வெட்டினாள், பட்டியலை வெளியிட்டாள். முதலிடத்தில் இருந்த டீம் ஐந்தாவதுக்குப் போனது.

அவன் ஒரே ஒரு முறை போன் செய்தான். "வெட்டினது சரிதான்க்கா. நான் அதைக் கேக்கல. வெட்டறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டிருக்கலாமில்ல? ஊரோட சேர்ந்து நானும் லிஸ்ட்டைப் பார்த்துத்தான் தெரிஞ்சுக்கணுமா?"

"வேலை நேரத்துலடா..." என்று அவள் இழுப்பதற்குள் வைத்துவிட்டான். பிறகு நம்பரையும் மாற்றிவிட்டான். அம்மாவிடம் கேட்டால், "நல்லா இருக்கான். நம்பர் குடுக்கக் கூடாதுன்னிருக்கான். உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னை இழுக்காதீங்க" என்பதோடு சரி.

அதற்குப் பிறகு அவள் தலைமை நடுவரிடம் மன்றாடி ஒரு விதியைச் சேர்க்கச் செய்தாள். வெளியிட்ட பட்டியலில் யாருடைய புள்ளியாவது மாறினால், ஸ்கோர் எழுதியவரே அந்தந்த கேப்டனுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும், அதன் பிறகுதான் திருத்திய பட்டியல். எதற்கு இந்த விதி என்று இங்கே யாருக்கும் தெரியாது.

போட்டியன்று பாதிப்பல்லின் டீம் அவளுடைய பிரிவிலேயே வந்து விழுந்தது. ஸ்கோர் மேசைக்கு ஆட்டப்பெயரும் போன் நம்பரும் மட்டும்தான் வரும். நம்பர் அவளுக்குத் தெரியாதது. தலைமை நடுவரிடம் போய், "அண்ணா, இதுல ஒருத்தன் என் தம்பியா இருக்கலாம். நான் ஒதுங்கிக்கவா?" என்றாள்.

"பேரு என்ன?"

"பாதிப்பல்."

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "பல்லை வெச்சு உறவு கொண்டாடினா நான் ஆளுக்கு எங்கம்மா போறது? போ, போய் உட்காரு."

பதினாறு டீம், டீமுக்கு நாலு பேர், ஆறு ஆட்டம். கடைசிவரை உயிரோடு நிற்கிற டீமுக்குப் பத்துப் புள்ளி, அடுத்ததுக்கு ஆறு, அதற்கடுத்ததுக்கு ஐந்து என்று இறங்கும். ஏழாம் இடத்துக்குக் கீழே வெறுங்கை. எதிராளியைச் சாய்த்தால் தலைக்கு ஒரு புள்ளி. ஆறு ஆட்டத்தையும் கூட்டி, முதல் எட்டு டீம் அடுத்த சுற்றுக்குப் போகும். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் முடிவுத் திரையைப் படம்பிடித்துப் பார்த்து டைப் அடிப்பார்கள் மற்றவர்கள். அவள் மட்டும் முதலில் பென்சிலால் காகிதத்தில் எழுதிக்கொண்டு பிறகுதான் அடிப்பாள். அதுதான் காலை வாரியது.

பட்டியல் மதியம் இரண்டரைக்குப் போனது. அடியில் வழக்கம்போல அவள் பெயர். வெளியிட்ட கையோடு காகிதத்தை முடிவுத் திரைப் படத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தாள். ஆறாவது ஆட்டத்தில் பாதிப்பல் டீம் சாய்த்தது ஏழு பேர். அவள் அவசரத்தில் கிறுக்கிய ஏழு, ஒன்றாகத் தெரிந்து ஒன்றாகவே ஏறியிருந்தது. ஐம்பத்தொன்று வர வேண்டிய இடத்தில் நாற்பத்தைந்து. எட்டாவது வர வேண்டியவர்கள் ஒன்பதாவது. நாற்பத்தேழு எடுத்த இன்னொரு டீம் எட்டாவதில் ஏறி நேரலையில் குதித்துக்கொண்டிருந்தது.

திருத்த ஒரு நிமிடம் போதும். கையை விசைப்பலகையில் வைத்தாள், எடுத்துவிட்டாள்.

ஆட்சேபம் சொல்லப் பதினைந்து நிமிடம் உண்டு. மெசேஜ் செல்லாது. கேப்டனே ஸ்கோர் மேசைக்குப் போன் செய்து பேச வேண்டும். ஆறு புள்ளி காணாமல் போனால் எந்தக் கேப்டன் சும்மா இருப்பான்? கூப்பிடுவான். 'அக்கா' என்று வேண்டாம், 'ஹலோ' என்று ஆரம்பித்தால்கூடப் போதும், குரலை வைத்தே தெரிந்துவிடும். கூப்பிடட்டும், உடனே திருத்திவிடலாம்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"மேடம், எங்களுக்கு ஒரு தலை குறையுது."

"அது உங்காளை நீங்களே குண்டு போட்டுச் சாய்ச்சதுங்க."

"சாய்ச்சது சாய்ச்சதுதானே மேடம்?"

"வீட்டாளை அடிச்சா புள்ளி கிடையாதுங்க" என்று வைத்தாள்.

ஏழு நிமிடம். ஒன்பது. திரையில் பாதிப்பல்லின் பெயருக்குப் பக்கத்தில் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. பட்டியலைத் திறந்து வைத்திருக்கிற கேப்டனுக்குத்தான் அது எரியும். சின்ன வயதில் பொட்டுக்கடலையைப் பங்கு போட்டால்கூட எண்ணி வாங்குகிறவன். ஆறு புள்ளி அவன் கண்ணுக்குத் தப்பாது.

பதினோராவது நிமிடத்தில்தான் அவளுக்கு உறைத்தது. புள்ளியைப் பார்த்தவன் அடியில் இருக்கிற பெயரையும் பார்த்திருப்பான். தோற்றாலும் தோற்பான், அவளுக்குப் போன் செய்ய மாட்டான்.

அவன் கூடவே மூன்று பேர் ஆடுகிறார்கள். அங்கே இன்னொரு டீம் சும்மா சும்மா குதித்துக்கொண்டிருக்கிறது. தான் ஒரு குரலைக் கேட்பதற்காக இத்தனை பேரைப் பணயம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது அப்போதுதான் முழுசாகத் தெரிந்தது. எழுந்து தலைமை நடுவரிடம் போனாள்.

"அண்ணா, ஏழுங்கறதை ஒண்ணுன்னு அடிச்சுட்டேன்."

"எப்பப் பார்த்தே?"

இப்பதான் என்று சொல்லியிருக்கலாம். "பத்து நிமிஷமாச்சு."

அவர் திட்டவில்லை. "உன் விதிதானே? ரெண்டு பேருக்கும் நீயே போன் போடு. அப்புறம் வந்து பேசு."

குதித்துக்கொண்டிருந்த டீமின் கேப்டனை முதலில் கூப்பிட்டாள்.

"விளையாடறீங்களாங்க? வீட்டுக்கெல்லாம் சொல்லியாச்சு!"

"என் தப்புதாங்க. மன்னிச்சுக்கோங்க."

"உங்க மன்னிப்பைத் தூக்கிக் குப்பையில போடுங்க" என்று வைத்தான். அது அவளுக்கு வேண்டியதுதான்.

மிச்சம் ஒரு நம்பர். பதிவுத் தாளில் இருந்த எல்லா இலக்கத்தையும் விரலால் தொட்டுத் தொட்டு அடித்தாள். 'ஸ்கோர் மேசையிலிருந்து பேசறேன், பட்டியல் மாறப் போகுது, அதுக்கு முன்னாடி உங்ககிட்ட சொல்லணும்' என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். 'உங்ககிட்ட'வா, 'உன்கிட்ட'வா என்று இடறியது.

மணி அடிக்க ஆரம்பித்தது. திரையில் பச்சைப் புள்ளி அணையாமல் எரிந்தது. அவன் அங்கேதான் இருக்கிறான், போனும் பக்கத்தில்தான் இருக்கும். மூன்றாவது மணி. நாலாவது. அவள் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டாள். ஐந்தாவது மணி அடித்துக்கொண்டிருந்தது.