மெஸ்ஸுக்கு வைத்த பொட்டு

எங்கள் மெஸ்ஸில் சாப்பிட்டவர் யாரும் சாப்பாடு நன்றாக இருந்தது என்று வாய் திறந்து சொன்னதில்லை. கை கழுவிவிட்டுத் துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டே "நாளைக்கு என்ன கொழம்பு?" என்று கேட்பார்கள். அதுதான் பாராட்டு. ரசம் மறுபடியும் கேட்டால் பெரிய பாராட்டு. ஒன்றும் பேசாமல் போய், மறுநாள் மச்சானையும் கூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தால் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. கல்யாணமாகி வந்ததிலிருந்து இப்படித்தான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை.

மெஸ் இருந்தது கம்பத்தில். கேரளா எஸ்டேட்டுகளுக்கு ஆள் ஏற்றும் ஜீப்புகள் எங்கள் வாசலுக்கு எதிரேதான் நிற்கும். அடுப்படி என் பொறுப்பு, கல்லா வீட்டுக்காரர் பொறுப்பு. விடியுமுன் ஏலத்தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்குப் பொட்டலம். மத்தியானம் ஜீப் டிரைவர்கள், ஏலக்காய் வியாபாரிகள், திராட்சை மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள் என்று பெஞ்சு நிறைந்திருக்கும். எனக்குக் கோபம் சட்டென்று வரும். இலையில் சோற்றை மிச்சம் வைக்கிறவரை நேருக்கு நேர் கேட்டுவிடுவேன். அதற்காக யாரும் வராமல் போனதில்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் ஜீப்புகள் நிற்கும் இடம் மாறிவிட்டது. தெருவில் நெரிசலாம், ஊரின் மறு கோடிக்குக் கொண்டுபோனார்கள். டிரைவர்கள் பாதிப்பேர் அங்கேயே புதிதாக முளைத்த கடைகளில் சாப்பிடத் தொடங்கினார்கள். பழைய ஆட்கள் சிலர் மட்டும் விடாமல் வந்தார்கள். வடித்த சோறு மிஞ்சியது. சமைத்தவளுக்கு அதைப்போலக் கேவலம் வேறு கிடையாது. இப்படியே போனால் கடையை விட்டுவிட வேண்டியதுதான் என்று வீட்டுக்காரர் சொன்னார். நான் கரண்டியைத் தரையில் வீசினேன். அவர் சொன்னது சரி என்று தெரிந்துதான் வீசினேன்.

அப்போதுதான் எங்கள் வாசலில் ஒரு சுற்றுலா வேனின் டயர் பஞ்சரானது. சென்னையிலிருந்து தேக்கடிக்குப் போகிற கூட்டம். டயர் மாற்றும் வரை வேறு வழியில்லாமல் எங்களிடம் சாப்பிட்டார்கள். வேனை ஓட்டி வந்த மதுரைப் பையன் சோற்றைப் பிசைந்துகொண்டே, "அக்கா, வாரா வாரம் நான் இந்த வழியாத்தான் போறேன். இனிமே இங்கனயே நிறுத்துறேன்" என்றான். எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அதோடு விட்டானா, இல்லை. "ஆனா சென்னையில எங்க முதலாளி ஒத்துக்கணும்க்கா. அவரு நெட்டுல பாப்பாரு. கடையைப் பத்தி சாப்பிட்டவுக என்ன எழுதியிருக்காகன்னு பாத்துட்டுத்தான் சரிம்பாரு. உங்க பேரை அதுல ஏத்திவிடுறேன். பிடிச்சுச் சாப்பிடுறவுககிட்டச் சொல்லி எழுத வைங்க."

"என்னன்னு எழுதணும்?"

"சாப்பாடு நல்லா இருக்குன்னு."

"அவுகளுக்குத்தான் தெரியுமே, எதுக்கு எழுதணும்?"

"மத்தவுக படிக்கிறதுக்குக்கா."

"யாரு படிப்பா?"

"உலகமே படிக்கும்."

உலகத்துக்கு எங்கள் குடல் குழம்பு எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. முகம் தெரியாத ஒருத்தர் எழுதியதை நம்பி, முகம் தெரியாத இன்னொருத்தர் எப்படிச் சோற்றில் கை வைப்பார் என்பதும் விளங்கவில்லை. பையன் பொறுமையாகத்தான் சொன்னான். திருப்திப்பட்டவர்கள் தாங்களாக எழுத மாட்டார்கள், வயிறெரிந்தவர்கள்தான் ஓடி ஓடி எழுதுவார்கள், அதனால் நாம்தான் கேட்டு வாங்க வேண்டும் என்றான். கேட்டு வாங்கிய பாராட்டு என்ன பாராட்டு என்று நினைத்தேன். மே மாத லீவுக்கு முன்னால் முதலாளி முடிவு செய்துவிடுவார் என்று அவன் சொன்னதும் சரி என்று தலையாட்டினேன்.

பக்கத்துக் கடை ஒரு பிரவுசிங் சென்டர். அதை நடத்தியவர் சுத்த சைவம், எங்களிடம் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடித்ததில்லை. ஆனாலும் நல்ல மனுசர். வந்து சொல்கிறவர் சொல்வதை இங்கிலீசில் தட்டித் தருகிறேன், எத்தனை நட்சத்திரம் என்று கேட்டு அதையும் போட்டுவிடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். ஐந்து நட்சத்திரம் போட்டால் முழுத் திருப்தி என்று அர்த்தமாம்.

வீட்டுக்காரர் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு ஒவ்வொருவரிடமும் கேட்கத் தொடங்கினார். அவருக்கு வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்டுப் பழக்கமில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு, மேசையைத் துடைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்தபடி சொல்வார். "பக்கத்துக் கடையில போயி நம்ம சாப்பாட்டைப் பத்தி ரெண்டு வார்த்தை..." கேட்பவர்கள் முழித்தார்கள். கடை மேல் ஏதோ கேஸ் வந்துவிட்டது, சாட்சி சொல்லக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு மூட்டைக்காரர் நினைத்துக்கொண்டு, "எப்ப வேணாலும் வந்து சொல்லுறேண்ணே, பயப்படாதீக" என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்.

எங்களோடு ரொம்ப நாள் பழக்கமுள்ள ஒரு ஜீப் டிரைவர் உண்டு. நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். அவர் முதலில் போனார். பின்னாலேயே ஏலக்காய் வியாபாரி ஒருவரும், குமுளி பஸ்ஸில் போகிற கண்டக்டர் ஒருவரும் போனார்கள். திரும்பி வந்து, "எழுதியாச்சுத்தா, மனசாரச் சொல்லியிருக்கேன்" என்றார் அண்ணன். அன்றைக்கு அவர் இலையில் கறி கொஞ்சம் கூடுதலாகவே விழுந்தது. கேட்டு வாங்கிய பாராட்டானாலும் பாராட்டு பாராட்டுத்தான் போல என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஒரு வாரம் கழித்து மதுரைப் பையன் போன் செய்தான். குரலே சரியில்லை.

"அக்கா, உங்களுக்கு அங்கன வேண்டாதவுக யாரும் இருக்காகளா?"

அடுப்பைக் குறைத்துவிட்டுப் பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அவர் திரையைத் திருப்பித் தமிழில் வாசித்துக் காட்டினார். குடல் குழம்பு பிரமாதம், ஒருநாள் அதில் முடி கிடந்தது. ரசத்துக்கு ஈடே கிடையாது, ஆனால் தண்ணீர் டம்ளரில் வாடை வரும். அம்மா கைச் சோறு மாதிரி இருக்கும், சமைக்கிறவருக்கு வாய் அதிகம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு நட்சத்திரமாவது குறைந்து கிடந்தது. வாய் அதிகம் என்று சொன்னதை நான் ஒத்துக்கொள்கிறேன். முடியும் வாடையும் எங்கிருந்து வந்தன?

"நீங்களாச் சேத்துட்டீகளா?" என்று கேட்டேன்.

அவர் பதறிவிட்டார். "சொன்னதைத்தான் தட்டுனேன். நான்கூடக் கேட்டேன், இது வேணுமான்னு. கட்டாயம் போடணும்னாக."

எனக்கு அழுகை வந்ததா கோபம் வந்ததா தெரியவில்லை. வருசக்கணக்காக என் கையால் தின்றவர்கள். மறுநாள் அண்ணனும் வியாபாரியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். குழம்பு வாளியோடு போய் எதிரே நின்றேன்.

"ஏண்ணே, எப்பக் கொழம்புல முடி கிடந்துச்சு?"

அவர் நிதானமாக, "கிடக்கலையே" என்றார்.

"பொறவு?"

"என்னத்தா இப்பிடிக் கேக்குற? நாலு பேரு முன்னால நல்லா இருக்குன்னு சொல்லுறதே ஆகாது. இது உலகம் பூராப் பாக்குறதுன்னு உன் வீட்டுக்காரருதான் சொன்னாக. அத்தனை கண்ணும் ஒரே அடுப்பு மேல விழுந்தா என்னத்துக்கு ஆகும்? பச்சைப்புள்ளைக்குக் கன்னத்துல மை வைக்கிறமா இல்லையா? அதான் ஒரு பொட்டு வச்சு விட்டேன்."

வியாபாரியும் ஆமாம் என்று தலையாட்டினார். "டம்ளர் வாடை எம் பொட்டு, தாயி. சோத்துல வைக்க மனசு வரல. அதான் தண்ணியில வச்சேன்."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அண்ணன் கையை நீட்டி வாசலைக் காட்டினார். அங்கே மீசையும் கோரைப்பல்லும் வரைந்த பூசணிக்காய் தொங்கியது. போன அமாவாசைக்கு நானே பார்த்து வாங்கி, நானே கட்டச் சொன்னது. வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். யார் மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை.

வேன் விசயத்தை வீட்டுக்காரர் அவர்களிடம் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அந்த வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லிக் கேட்டார். அண்ணன் மாட்டவே மாட்டேன் என்றார். "வேனு இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும். கண்ணு பட்டா கடையே போயிரும்ணே. தெரிஞ்சே நான் செய்ய மாட்டேன்." அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மதுரைப் பையனுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். முதலில் சிரித்தான். அவன் வேனிலேயே எலுமிச்சம்பழமும் மிளகாயும் தொங்குவதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டான்.

"எனக்குப் புரியுதுக்கா. முதலாளிகிட்ட முடியைப் பொட்டுன்னு எப்பிடிச் சொல்லுவேன்?" கொஞ்சம் யோசித்து, "நீங்களும் தினமும் அங்கனதான சாப்பிடுறீக? சமைக்கிறது நாந்தான்னு சொல்லியே நீங்களும் ஒண்ணு எழுதுங்க. நொட்டை இல்லாம, முழுசா. வெள்ளிக்கிழமை அவரு பாக்குறதுக்குள்ள போடுங்க" என்றான்.

வியாழக்கிழமை அடுப்பை அணைத்துவிட்டு, முகம் கழுவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போனேன். எழுதத்தான் போகிறேன் என்றாலும் ஏனோ நல்ல சேலை கட்டத் தோன்றியது. அவர் விரல்களைத் தயாராக வைத்துக்கொண்டு, "சொல்லுங்கம்மா" என்றார்.

சமைக்கிறது நான்தான் என்று முதலில் போடச் சொன்னேன். குடல் குழம்பு நன்றாக இருக்கும் என்றேன். ரசம் நன்றாக இருக்கும். அரிசி பழையது, குழையாது. இடம் சுத்தமாக இருக்கும். எல்லாம் உண்மை. ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அது திரையில் ஏறியது. அங்கே எங்கள் மெஸ் ஒரு துணிகூட இல்லாமல் நடுத்தெருவில் நிற்கிற குழந்தை மாதிரி இருந்தது. ஊர் உலகமெல்லாம் வந்து பார்க்கப் போகிறது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டேன்.

"அவ்வளவுதானே? அஞ்சு போட்டுறவா?"

"ஒரு மேசை ஆடும்னு போடுங்க."

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். "அம்மா, இது வேணுமா?"

"போடுங்க. நட்சத்திரத்துல ஒண்ணைக் கொறைங்க."

கடைக்குத் திரும்பியதும் வீட்டுக்காரர், "முழுசாப் போட்டாச்சா?" என்று கேட்டார். மேசை ஆடும் என்று சொன்னதைச் சொன்னேன். அவர் எழுந்து போய் ஒவ்வொரு மேசையாக உள்ளங்கையை ஊன்றி அழுத்திப் பார்த்தார். கடைசி மேசையையும் பார்த்துவிட்டு, "எதுவும் ஆடலையே" என்றார்.

"ஆடாது" என்றேன்.

கல்லாவில் போய் உட்கார்ந்துகொண்டு, "சரி, நல்லதுதான்" என்றார்.

வேன்கள் வரவில்லை. பைபாஸ் பக்கம் புதிதாக வந்த ஹோட்டலில் நின்றன. அதைப் பற்றி நெட்டில் எல்லோரும் முழுசாகவே எழுதியிருந்தார்களாம், ஒரு நொட்டைகூட இல்லையாம். அத்தனை கண் பட்டும் அந்த ஹோட்டலுக்கு ஒன்றுமே ஆகவில்லை. மேலே இன்னொரு மாடி எழுப்பினார்கள். அது எப்படி என்று எனக்கு இன்றைக்கும் புரியவில்லை. அவர்கள் முழுசாகச் சொன்னதால் தப்பித்தார்களா, நாங்கள் பொட்டு வைத்ததால் கெட்டோமா, இல்லை பொட்டு வைத்திராவிட்டால் இன்னும் மோசமாகப் போயிருக்குமா? பல நாள் பாத்திரம் தேய்த்துக்கொண்டே யோசித்திருக்கிறேன். ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கம் இடிக்கும்.

ஆடி முடிவில் கடையை விடுவதென்று ஆனது. கடைசி நாள் அண்ணன் புது ஸ்டாண்டிலிருந்து ஜீப்பில் ஆளை அள்ளிப் போட்டுக்கொண்டு வந்தார். வியாபாரி வந்தார், கண்டக்டர் லீவு போட்டுவிட்டு வந்தார். பழைய நாட்களைப் போலப் பெஞ்சு நிறைந்தது. நான் நிற்க நேரமில்லாமல் குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் காலையிலேயே பூசணிக்காயை அவிழ்த்து எடுத்துவிட்டிருந்தார்.

அண்ணன் இலையை மடித்துவிட்டு எழுந்தார். தெருவுக்கே கேட்கிற குரலில், "சாப்பாடு ரொம்ப நல்லா இருந்துச்சுத்தா. நொட்டை சொல்ல ஒண்ணுமே இல்ல" என்றார்.

"அந்த ரசம் அமிர்தம்ல" என்றார் வியாபாரி.

அப்புறம் ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்தக் கடையில் நான் நின்ற காலம் முழுக்கக் காதில் விழாதது அந்த ஒரு மத்தியானத்தில் வந்து விழுந்தது. சந்தோசப்பட வேண்டும் என்றுதான் நினைத்தேன். முடியவில்லை. வாயை மூடிக்கொண்டு சாப்பிடுங்கள் என்று ஒரு சத்தம் போட்டேன். யாரும் வாயை மூடவில்லை.

கை கழுவிவிட்டு, துண்டில் வாயைத் துடைத்துக்கொண்டு ஒவ்வொருவராகப் படி இறங்கிப் போனார்கள். நாளைக்கு என்ன குழம்பு என்று ஒருவரும் கேட்கவில்லை.