பெரியப்பாவுக்கும் திறக்காத கதவு

போன வியாழக்கிழமை சாயங்காலம். ஸ்ரீரங்கத்திலிருந்து பஸ் பிடித்து, பாலக்கரையில் இறங்கி, எங்கள் தெருவுக்குள் திரும்பினால்... வீட்டு வாசற்படியில் என் கணவரின் அண்ணன் உட்கார்ந்திருக்கிறார்!

மூன்று வருஷமாக எங்கள் வீட்டுப் பக்கமே வராதவர். வெயிலில் முகம் கறுத்திருந்தது. பக்கத்தில் ஒரு கடலை மூட்டை. கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. உள்ளே இருப்பது என் மகள் ரீட்டா, ஒன்பது வயது, தனியாக.

நடையை எட்டிப் போட்டேன்.

விஷயம் இதுதான். நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு ஸ்கூலில் டீச்சர். என் கணவருக்கு அரியமங்கலத்தில் லேத் பட்டறையில் வேலை. ரீட்டா ஸ்கூல் விட்டு வந்ததும், நான் வரும்வரை எதிர்வீட்டு லூர்து அக்கா பார்த்துக்கொள்வார். போன மாதம் அவர்கள் வீடு மாறிப் போய்விட்டார்கள். பிள்ளையை என்ன செய்வது?

"தனியா இருக்கட்டுமே. ஒம்பது வயசுல நான் வையம்பட்டியில மாடு மேய்ச்சேன்" என்றார் கணவர்.

"மாடு மேய்க்கிறப்ப சுத்தி ஊரே இருந்துச்சுங்க. இங்க இவளும் நாலு சுவரும்தானே?"

"நான் இருப்பேம்மா" என்றாள் ரீட்டா. கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

சரி என்றேன் — அரை மனசோடு. ஸ்டவ்வைத் தொடக்கூடாது. ஈரக் கையோடு சுவிட்ச் போடக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, யார் வந்தாலும் கதவைத் திறக்கக்கூடாது.

"நம்ம சர்ச் ஃபாதர் வந்தா?"

"ஃபாதர் வந்தாலும்!"

கணவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தினமும் சாயங்காலம் காவேரிப் பாலத்தில் பஸ் கொஞ்சம் நின்றால் போதும், என் மனம் வீட்டில் ஏதேதோ நடந்துவிட்டதாகக் கற்பனை பண்ண ஆரம்பித்துவிடும். திருடன் வந்தான், தீப்பிடித்தது, வழுக்கி விழுந்தாள்... எல்லாம் நினைத்தேன். இவருடைய அண்ணன் வருவார் என்று மட்டும் நினைக்கவில்லை!

அண்ணன் தம்பிக்குள் நிலம் பிரிக்கும்போது, கிணறு யார் பக்கம் என்பதில் தகராறு. வார்த்தை தடித்துப் போச்சு. அப்புறம் போக்குவரத்தே இல்லை. இப்போது அவருடைய மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. தம்பி இல்லாமல் எப்படி என்று மனசு கேட்காமல் கிளம்பி வந்திருக்கிறார். வந்த இடத்தில்தான் கதவு திறக்கவில்லை.

ஜன்னல் வழியாக நடந்த பேச்சை, அவர் சொன்னதும் இவள் சொன்னதுமாகச் சேர்த்துத் தருகிறேன்.

"பாப்பா, கதவத் தொற. பெரியப்பா வந்திருக்கேன்."

"தெரியுது பெரியப்பா. ஆனா அம்மா வந்தாதான் திறக்கணும்."

"எனக்குமா? உங்கப்பன் சொல்லிக் குடுத்தானா, நான் வந்தா கதவத் தொறக்காதேன்னு?"

"இல்ல பெரியப்பா. யாருக்குமே கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

அவர் நம்பவில்லை. கோபக்காரர் வேறு. மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிவிட்டார்.

ரீட்டா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள்: "போகாதீங்க பெரியப்பா! அப்பா தினமும் ராத்திரி ஜெபத்துல உங்களுக்குத்தான் மொதல்ல வேண்டிக்குவாரு. 'ஆண்டவரே, எங்க அண்ணனுக்கு நல்ல சுகத்தக் குடும்'னு சொல்லுவாரு. அப்புறந்தான் எங்களுக்கு. நீங்க வந்துட்டுப் போயிட்டீங்கன்னு தெரிஞ்சா அப்பா அழுவாரு."

அவர் நின்றார். திரும்பி வந்தார். மூட்டையை இறக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

ரீட்டா கம்பிகளுக்கு நடுவே டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்தாள். விசிறியைக் கொடுத்தாள். அவருக்குத் துணையாக ஜன்னலிலேயே உட்கார்ந்து, அக்காவுக்குப் பார்த்திருக்கும் மாப்பிள்ளை நல்லவரா, சிவப்பா கறுப்பா என்றெல்லாம் விசாரித்திருக்கிறாள். கதவை மட்டும் திறக்கவில்லை.

இதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. வாசலுக்கு வந்ததும் பதறிப்போய், "மன்னிச்சுக்குங்க மாமா, சின்னப் புள்ள..." என்று ஆரம்பித்தேன். அவர் கதவைக் கைகாட்டினார். ரீட்டாவுக்குக் குரல் கொடுத்தேன். தாழ்ப்பாள் விலகியது. என்னைப் பார்த்ததும் ரீட்டா என் இடுப்பைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

"நான் தப்புப் பண்ணிட்டேனாம்மா? பெரியப்பா பாவம்மா, வெயில்ல..."

 பதில் சொன்னவர் அவர்தான்.

"தப்பு இல்ல கண்ணு. நீ தொறந்திருந்தா, உள்ள வந்து ஒரு வாய் காபி குடிச்சிட்டு, சேதியச் சொல்லிட்டு, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டே போயிருப்பேன். உங்கப்பன் எனக்காக வேண்டிக்கிறது எனக்கெங்க தெரிஞ்சிருக்கும்?" என்றவர், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வேர்வை என்றுதான் நானும் வைத்துக்கொண்டேன்.

கணவர் பட்டறையிலிருந்து வந்து வாசலிலேயே நின்றுவிட்டார். "அண்ணே..." என்றார்.

"கை கால் கழுவிட்டு வாடா, சாப்பிடலாம்" என்றார் அண்ணன். மூன்று வருஷத் தகராறு அவ்வளவுதான்.

எந்த வயசில் பிள்ளையைத் தனியாக விடலாம்? நீங்கள் கேட்டால் எனக்கு இன்னும் பதில் தெரியாது. என்னென்ன செய்யக்கூடாது என்று நாம் சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். நாம் சொல்லாத ஒன்று வாசலில் வந்து நிற்கும்போது, அந்தச் சின்ன மனசு தனியாக என்ன பாடு பட்டிருக்கும்? அது நமக்கு வீட்டுக்கு வந்த பிறகுதானே தெரிகிறது...

சாப்பாடு முடிந்து அண்ணனும் தம்பியும் வாசலில் கயிற்றுக் கட்டிலைப் போட்டுப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் பாயை விரித்தேன். ரீட்டா என் புடவையைப் பிடித்து இழுத்தாள்.

"அம்மா, பாத்ரூம் வரைக்கும் வாம்மா. கொல்லையில இருட்டா இருக்கு. பயமா இருக்கு."

போனேன். இதற்குத் துணை போவதை எந்த வயசில் நிறுத்த வேண்டும் என்று... நான் யாரையும் கேட்கப் போவதில்லை!