டயர் சுவருக்கு முன்னால்

கல்யாண வீட்டில் கொஞ்சம் இப்படித் திரும்புங்க என்றால் மாப்பிள்ளை திரும்புவார். பந்தய பைக்கிடம் அப்படி எதுவும் சொல்ல முடியாது, நாம்தான் திரும்ப வேண்டும். கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெட்ரோல் புகை தின்னும் சக பாவிகளுக்கு இது புரியும். நானுஓயாவில் என் ஸ்டூடியோவில் வருஷம் முழுக்க அடையாள அட்டைப் படம்தான். ஏப்ரலில் நுவரெலியாவில் பந்தயம் தொடங்கிவிட்டால் மட்டும் என்னால் அங்கே உட்கார்ந்திருக்க முடியாது.

ஓடாத பைக்

முதல் வருஷம் எங்கள் தேயிலைத் தோட்டத்து மெக்கானிக் ரவியும் பந்தயத்துக்குப் புதுசு, நானும் புதுசு. படம் ஆடிவிடுமோ என்ற பயத்தில் ஷட்டரை ரொம்ப வேகமாக வைத்துவிட்டேன். படம் அவ்வளவு தெளிவு. டயரில் உள்ள வெட்டுகளைக்கூட எண்ணலாம். ஆனால் பைக் நடுரோட்டில் சும்மா நின்றது. பார்த்துவிட்டு ரவி சொன்னான்:

"ஏண்ணே, இதுக்கா நான் உசுரக் கையில புடிச்சிக்கிட்டு ஓட்டுனேன்? லயத்து வீட்டு வாசல்ல நிப்பாட்டியே எடுத்திருக்கலாமே."

கற்பூரம்

அடுத்த வருஷம் ஷட்டரைக் குறைத்து, பைக்கோடு சேர்ந்து உடம்பைத் திருப்பப் பழகினேன். வேகம் படத்தில் வந்தது. ஆசையும் வந்தது, வளைவுக்குள் இன்னும் ஓரடி, இன்னும் ஓரடி என்று போனேன். ஒரு பைக் வழுக்கி, ஆளைத் தனியே விட்டுவிட்டு, என் முழங்காலுக்கு ஒரு முழம் தள்ளி வந்து நின்றது. ஓட்டியவருக்குச் சிராய்ப்புதான். எனக்கு அதுகூட இல்லை.

விஷயம் எனக்கு முன்னாலேயே வீட்டுக்குப் போய்விட்டது. என் மனைவி மலர் சத்தம் போடவில்லை. ஒரு வயது மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நேரே என்னை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். இனி டயர் அடுக்கிய சுவருக்குப் பின்னால்தான் நிற்பேன் என்று சத்தியம் செய்யச் சொன்னாள். நான் வார்த்தையை மென்றுகொண்டிருந்தேன்.

"கற்பூரம் அணையிறதுக்குள்ள சொல்லுங்க" என்றாள்.

பனி

சொன்ன சொல்லைக் காப்பாற்றினேன். இரண்டு சீசன் டயருக்குப் பின்னால் நின்றேன், நின்றேன் என்பதைவிடத் தவித்தேன். வண்டி வளைவைத் தாண்டிய பிறகுதான் எனக்குத் தெரியும், கிடைப்பதெல்லாம் முதுகு. ஒரு நாள் பனி வேறு இறங்கிவிட்டது. சத்தம் வந்த பக்கமெல்லாம் கேமராவைத் திருப்பி அமுக்கித் தள்ளினேன். கொழும்பிலிருந்து கார்ப் பந்தயத்துக்கு வந்தவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, இதில என்ட கார் எது, பனி எது?"

கண்ணாடி

போன சீசனில் ரவி இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டான். எங்கள் தோட்டத்திலிருந்து அந்தளவு வந்தவன் அவன் ஒருத்தன்தான். அவனுடைய முதுகை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்கு மனசு வரவில்லை. கடைசிச் சுற்றில் டயரைத் தாண்டிக் குதித்து, ரோட்டோரம் குந்திக்கொண்டேன். அவன் சாய்ந்து வந்தான், முழங்கால் தார்மீது உரச. பத்தடி தூரத்தில் எடுத்தேன். ஒன்றும் ஆகவில்லை. என் ஆயுசிலேயே நல்ல படம் அது.

வீட்டில், தூரத்து லென்ஸில் எடுத்தது என்று மலரிடம் சொன்னேன். கடைப் படங்களைக் கம்ப்யூட்டரில் சரிசெய்வது அவள்தான். படத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போனாள். ரவியின் கறுப்பு ஹெல்மெட் கண்ணாடியில் வந்து நிறுத்தினாள். அதில் குட்டியாக நான் குந்தியிருந்தேன். டயர் சுவர் எனக்குப் பின்னால் இருந்தது. பொய் சொன்னதற்கு வெட்கமாக இருந்தது. மலர் திரையை என் பக்கம் திருப்பினாள்.

"இந்தப் படத்துல ரெண்டு பேரு இருக்காங்க. ஒருத்தருதான் ஹெல்மெட் போட்டிருக்காரு."

இப்போது நான் டயருக்குப் பின்னால்தான், அதுவும் ஹெல்மெட்டோடு. ஒவ்வொரு படமும் எடுத்த கையோடு மலருக்குப் போகிறது, அதை அவள் முதலில் பெரிதாக்கித்தான் பார்க்கிறாள்.