செல்வமேரியின் தூக்குக்குண்டு

சுவரில் அறைந்த ஆணியில் கொத்தனாரின் தூக்குக்குண்டை மாட்டிவிட்டு, அது ஆடி ஓயும்வரை இடுப்பில் கைவைத்துக் காத்திருக்கிறார் செல்வமேரி. குண்டு நின்றதும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு, அந்த நூலோடு மேஜைமேல் நிற்கும் கண்ணாடிக் குழாய்களை ஒப்பிட்டுப் பார்க்கிறார். இரண்டும் நேராக இருந்தால்தான் ஊசியைத் தொடுவார். பாலக்கரையில் உள்ள அந்தக் காசநோய் கிளினிக்கின் லேப் தினமும் இப்படித்தான் தொடங்குகிறது.

நோயாளியின் ரத்தத்தை உறையாமலிருக்க மருந்து கலந்து, மெல்லிய குழாயில் ஏற்றி நிறுத்துவார். சிவப்பு மெல்ல அடியில் இறங்கும். மேலே மஞ்சள் நீர் தெளியும். ஒரு மணி நேரத்தில் எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது என்பதுதான் ஈ.எஸ்.ஆர். நோய் முற்றியிருந்தால் நூறுகூட வரும். மாத்திரை வேலை செய்யச் செய்யக் குறையும். நோயாளிகள் அதை மார்க் என்பார்கள், செல்வமேரியை டீச்சரம்மா என்பார்கள். குறைந்த மார்க்குக்குப் பூரித்துப்போகும் பள்ளிக்கூடம் திருச்சியிலேயே இது ஒன்றுதான்.

அந்த ஒரு மணி நேரமும் மேஜையில் யாரும் முழங்கை ஊன்றக் கூடாது. ஃபேன் ஓடாது. டாக்டர் பிலோமின்ராஜே வாசலில் நின்றுதான் பேசுவார். "நான் பாத்த நம்பர் மாறாதுங்க" என்று பதினாலு வருஷமாகச் சொல்லிவந்தார் செல்வமேரி. தற்பெருமைதான், ஆனால் அதற்குத் தகுந்த உழைப்பும் இருந்தது.

போன வருஷம் அந்தப் பெருமையில் கைவைத்தவர் வீரமலை. ஸ்ரீரங்கம் ராஜகோபுர வேலையில் இருந்த கொத்தனார். நோய் கண்டதும் சாரத்திலிருந்து இறங்க வேண்டியதாயிற்று; டாக்டர் சீட்டு இல்லாமல் மேஸ்திரி மறுபடி ஏற்ற மாட்டார். ஒன்றரை வருஷ மருந்தில் எட்டு மாதம் முடிந்தபோது நூற்று நான்கு இருபத்தெட்டாகியிருந்தது. சளியிலும் கிருமி இல்லை. ரத்தம் இருபதுக்குள் வந்துவிட்டால் சீட்டு என்று டாக்டர் சொல்லியிருந்தார். அடுத்த முறை செல்வமேரி எழுதிக் கொடுத்ததோ நாற்பத்தாறு.

ஆள் மாத்திரையை நடுவில் விட்டிருக்கிறார் என்று டாக்டர் முடிவுகட்டிவிட்டார். வீரமலை அவரிடம் வாதாடவில்லை. நேரே லேப் வாசலுக்கு வந்து, தன் குழாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒரு வேள கூட விடலைங்க, டீச்சரம்மா. ஆனா உங்க ஸ்டாண்டு தூக்குல இல்லீங்களே."

செல்வமேரிக்குச் சுருக்கென்றது. வெளியே போகச் சொன்னார். வீரமலை போகவில்லை. பைக்குள்ளிருந்து தூக்குக்குண்டை எடுத்து நூலைப் பிடித்தார். குழாய்கள் அத்தனையும் சாய்ந்திருந்தன. முந்தின வாரம் வெள்ளையடிக்க நகர்த்திய மேஜையை, தரை சாக்கடைப் பக்கம் சரியும் இடத்தில் திரும்ப வைத்திருந்தார்கள். சாய்ந்த குழாயில் ரத்தம் வேகமாக இறங்கும் என்று செல்வமேரிக்குத் தெரியாதா என்ன? தன் மேஜைதானே என்று பார்க்காமல் விட்டிருந்தார்.

 தன் கையில் தானே ரப்பர் குழாய் கட்டி ரத்தம் எடுத்து, அதே சாய்ந்த ஸ்டாண்டில் நிறுத்தினார். மாதாமாதம் சொந்த ரத்தத்தைப் பார்க்கிறவர். அவர் நம்பர் எப்போதும் பத்து. இப்போது இருபத்தொன்று காட்டியது. மேஜைக்காலுக்கு அட்டை கொடுத்து நிமிர்த்தி, இருவருக்கும் புதிதாக ரத்தம் எடுத்தார். இன்னொரு மணி நேரம். அவருக்குப் பத்து. வீரமலைக்குப் பத்தொன்பது.

பழைய தாளை அவர் கிழித்துப் போடவில்லை. இரண்டு தாள்களையும் எடுத்துக்கொண்டு போய், வராந்தாவில் காத்திருந்தவர்களுக்கெல்லாம் கேட்கும்படி டாக்டரிடம் சொன்னார்.

"தப்பு இவர் மேல இல்லைங்க, டாக்டர். என் மேல. இந்த வாரம் வந்த எல்லாரையும் திரும்பக் கூப்பிடணும்."

பதினேழு பேருக்குத் தன் கையாலேயே தபால் கார்டு எழுதினார்.

வீரமலை சீட்டோடு சாரம் ஏறிவிட்டார். குண்டை மட்டும் டீச்சரம்மாவிடமே விட்டுப்போனார். மருந்து இன்னும் முடியாததால் மாதம் ஒருமுறை, நகக்கண்ணில் சுண்ணாம்போடு வருகிறார். அன்றைக்கு மட்டும் செல்வமேரி ஆணிப் பக்கம் போவதில்லை. மேஜையிலிருந்து இரண்டடி விலகி நிற்கிறார். வீரமலை ஒரு கண்ணை மூடிப் பார்த்துத் தலையசைத்த பிறகுதான் ஊசியை எடுக்கிறார்.